தாடி வைத்த பெட்டை

சம்பந்தியம்மா,

இன்று காலை தவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். வைக்கோல் போட்டுச் சாய்த்து வைத்திருக்கிறோமே பழைய பெயின்ட் வாளி, அதற்குள் கையை விட்டால் சூடாக ஒரு முட்டை. சொட்டு நீலத்தில் அலசிய வெள்ளைச் சட்டை காயும்போது ஒரு நிறம் தெரியும் பாருங்கள், அந்த நிறம். கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் மகன் வேலைக்குப் போய்விட்டான், உங்கள் மகளும் போய்விட்டாள், நம் பேத்தி பள்ளிக்கூடத்தில். உங்களிடம்தானே முதலில் காட்டுவேன்? அதனால் இதை எழுதுகிறேன்.

வடபழனியிலிருந்து முழங்கால் வலியோடு, ஒரே ஒரு பையோடு நீங்கள் இந்த மந்தைவெளி வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறது. வந்ததுமே, "காலு சரியானா கெளம்பிடுவேன் சம்பந்தி. பொண்ணு வூட்ல எத்தினி நாளு குந்திக்கினு துன்றது?" என்றீர்கள். சாப்பிட்ட தட்டை உங்கள் மகள் தொடுவதற்குள் நீங்களே கழுவி வைத்துவிடுவீர்கள். அலமாரியில் உங்களுக்கென்று ஒரு அடுக்கைக் காலி செய்து கொடுத்தேன். அதில் ஒரு கைக்குட்டைகூட வைக்கவில்லை. பை கட்டிலுக்கு அடியில், ஜிப்பு மூடியபடியே கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு என்னமோ செய்யும். வடபழனியில் அந்த ஒற்றை அறையில் தனியாக என்ன செய்யப்போகிறீர்கள்?

அந்தச் சமயத்தில்தான் நம் பேத்தி எங்கேயோ சொல்லிவைத்து நீல முட்டைகள் வாங்கி வந்தாள். வெளிநாட்டு ஜாதியாம். என் நாட்டுக்கோழியிடம் அடை வைத்தோம். காக்கைக்குத் தப்பி நான்கு குஞ்சுகள் நின்றன. என் மகன் முதல் நாளே சொல்லிவிட்டான்: "சேவல் கூவிச்சுன்னா பக்கத்து ஃபிளாட்காரங்க சண்டைக்கு வருவாங்கம்மா. பெட்டைய மட்டும் வச்சுக்கோ." சேவலெல்லாம் பட்டினப்பாக்கத்தில் என் தங்கை வீட்டுக்கு என்று முடிவாயிற்று. மீன் ஏலச் சத்தத்தில் அங்கே சேவல் கூவுவது யார் காதில் விழும்?

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஆனால் குஞ்சைப் பிடரியில் தூக்கி, காலை மடக்கினால் பெட்டை, தொங்கவிட்டால் சேவல் என்று சொல்லிவிடுவேன். தெருவே என்னிடம் கொண்டுவந்து காட்டும். இந்த நான்கும் என் மானத்தை வாங்கின. இன்று மடக்கியது நாளை தொங்கவிடும். கொண்டையும் நம் கோழிக்கு இருப்பது போல நிமிரவில்லை, பட்டாணியை ஒட்டி வைத்த மாதிரி தலையோடு படிந்திருந்தது. இரண்டுக்கு அந்தப் பட்டாணி மூன்று வரிசையாகத் தடித்துச் சிவந்தது, இறக்கையில் துருப்பிடித்த மாதிரி திட்டுகள் வந்தன. அவை பட்டினப்பாக்கம் போயின. மீதி இரண்டில் ஒன்று மழமழவென்ற முகம், பரம சாது. இன்னொன்றுக்குக் கன்னத்திலும் கழுத்திலும் இறகு புசுபுசுவென்று தாடி.

"சாது பெட்டை. இது சேவல்தான் சம்பந்தியம்மா. தாடியப் பாருங்க" என்றேன்.

"இன்னா சம்பந்தி நீங்க! தாடி கீதுன்னா ஆம்பளையா? இந்தக் கையால எத்தினி பேருக்கு ஒட்டிவுட்டிருப்பேன்! டீக்கடைல குந்திக்கினு இருப்பான், தாடிய ஒட்டுனா முனிவரு. உரிச்சா மறுபடியும் டீக்கடை" என்றீர்கள். சினிமா மேக்கப் அறையில் உதவிக்கு இருந்தவராயிற்றே. "கொண்டையப் பாருங்க, வெளுத்துக் கெடக்குது. இது பொம்பள."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இது முட்டை போட்டா, கிளம்புற பேச்சையே நீங்க எடுக்கக் கூடாது."

"போடலன்னா?"

"நானே ஆட்டோ வச்சு வடபழனில கொண்டுபோய் விடுறேன்."

"கேட்டுக்கினியாடி? நீதான் சாட்சி" என்று பேத்தியின் கையில் அடித்தீர்கள்.

படி இறங்கும்போதுதான் உறைத்தது. நான் ஜெயித்தால் நீங்கள் போய்விடுவீர்கள். என்ன பந்தயம் கட்டினேன்! கபாலி கோயிலுக்குப் போய், என் வாக்கு பொய்யாகட்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒருநாள் விடியும்போது மாடியிலிருந்து தொண்டை கட்டினமாதிரி ஒரு கூவல். ஓடிப்போய்ப் பார்த்தால், நான் பெட்டை என்று சொன்ன அந்தச் சாது! கட்டிலில் படுத்தபடியே, "உங்க பொண்ணு பாட்டு கத்துக்குது சம்பந்தி" என்றீர்கள். என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அதுவும் பட்டினப்பாக்கம் போயிற்று. எனக்குக் கோபமே வரவில்லை. இதில் தவறினேன் என்றால் தாடியிலும் தவறியிருப்பேன் இல்லையா?

அப்புறம் மாதங்கள் போயின. உங்கள் கால் தேறிவிட்டது. பையைத் தூசி தட்டுவதைப் பார்த்தேன். தாடிக்காரன் தின்றானே தவிர ஒன்றும் போடவில்லை. ஒரு மத்தியானம் கொக்கரிப்புச் சத்தம் கேட்டு இருவரும் ஏறினோம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் போய் வாளிக்குள் கைவிட்டது நீங்கள்தான். என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டு, "இந்தாங்க, உங்க சேவலு போட்ட முட்டை" என்றீர்கள்.

பிறகு கீழே வந்து பையை இழுத்தீர்கள், ஜிப்பைத் திறந்தீர்கள், என் புடவைகளுக்குப் பக்கத்தில் உங்கள் புடவைகளை அடுக்கினீர்கள். அன்று ராத்திரி சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தீர்கள். உங்கள் மகள் அதைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இரண்டு பொங்கல் சேர்ந்து வைத்தோம். அந்த முட்டைகளைத் தின்ற தெம்பில்தான் மாடி ஏறுகிறேன் என்பீர்கள். கண்ணை மூடிய நாளிலும் எங்கள் எல்லாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் போனீர்கள். குறையில்லை சம்பந்தியம்மா.

தாடிக்காரி இன்னும் போடுகிறாள். பட்டினப்பாக்கத்துச் சேவலோடு விட்டு எடுத்த அவள் குஞ்சுகள் இப்போது மாடியெல்லாம் ஓடுகின்றன. தெருவில் யாராவது கேட்டால் நான் தாடியைப் பார்ப்பதில்லை, கொண்டையைத்தான் பார்க்கிறேன். "யார் சொல்லிக் கொடுத்தது?" என்றால், சம்பந்தி என்கிறேன்.

தவிட்டுப் பை என்றேனே, அது உங்கள் பைதான். ஜிப்பு கெட்டுப்போய் மூட வருவதில்லை. புதுசு போட்டுத் தருகிறேன் என்று மகன் கேட்டான். வேண்டாம், திறந்தே இருக்கட்டும் என்றுவிட்டேன்.