நைனா கேட்ட ஞாயிற்றுக்கிழமை

என் பிரியமுள்ள நைனாவுக்கு,

முதலில் ‘நீங்கள்’ என்று போட்டுத்தான் எழுத ஆரம்பித்தேன். இரண்டு வரி போவதற்குள் முனிசிபாலிட்டிக்கு மனு எழுதுவது போலாகிவிட்டது. கிழித்துப் போட்டுவிட்டேன். உயிரோடு இருந்தவரை உன்னை ‘நீ’ என்றுதானே கூப்பிட்டேன்? இப்போது மட்டும் எதற்கு இந்த மரியாதை என்று நீயே சிரிப்பாய்.

இதை எழுதக்கூட ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நடுவில் எழுந்துபோய் அரிசி கொதிக்கிறதா என்று பார்த்தேன். கொடியில் கிடந்த துணியை எடுத்து மடித்தேன். மடித்த பிறகுதான் அது இன்னும் ஈரம் என்று தெரிந்தது. நீ போனதிலிருந்து எனக்கு இப்படித்தான். அம்மாவுக்கு என்னைவிட மோசம். சும்மா இருந்தால் பயமாக இருக்கிறது நைனா. அதைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நீ திருவொற்றியூரில் ஒரு பாட்டில் கம்பெனியில் உலைக்காரன். மணலும் உடைந்த கண்ணாடியும் உருகிக் குழம்பாகக் கொதிக்கிற உலை. ஒருமுறை பற்றவைத்தால் வருடக்கணக்கில் அணைக்க மாட்டார்கள். அணைந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி இறுகி உலையே பாழாகிவிடும். தீபாவளி, கிறிஸ்துமஸ் எதற்கும் அந்த நெருப்புக்கு லீவு கிடையாது. உன் புருவத்தில் முடியே இருந்ததில்லை. பள்ளிக்கூடம் போன பிறகுதான் மற்ற அப்பாக்களுக்குப் புருவம் உண்டு என்பதைக் கவனித்தேன்.

வாரத்தில் ஒரு நாள் உனக்கும் ஓய்வு உண்டு. ஆனால் அது செவ்வாயோ புதனோ. ஞாயிறு, ஷிஃப்ட் மாறுகிற நாள். விடியற்காலையில் உள்ளே போகிறவன் இருட்டிய பிறகுதான் வெளியே வருவான். உன்னோடு வேலை செய்தவர்கள் பொன்னேரிப் பக்கத்து ஊர்க்காரர்கள். ஞாயிறானால் பிள்ளைகளைப் பார்க்க ரயிலேறிவிடுவார்கள். கம்பெனிக்குப் பக்கத்திலேயே குடியிருந்த நீ மாட்டிக்கொண்டாய். கோயிலில் முதல் பூசைக்கு மணி அடிக்கும்போது நீ உலைக்கு முன்னால் நிற்பாய். திரும்பி வரும்போது கோயில் சாத்தியிருக்கும்.

“வேலை நிமித்தம் வராமலிருப்பது பாவமில்லை சூசை” என்று சாமியார் சொல்லிவிட்டார். உனக்குத்தான் மனம் ஆறவில்லை. தினமும் சாயங்காலம் செபமாலை முடிந்ததும், எல்லாருக்காகவும் வேண்டிக்கொண்ட பிறகு, கடைசியில் உன் சொந்த விண்ணப்பத்தைச் சத்தமாகவே வைப்பாய்.

“ஆண்டவரே, எனுக்கு ஞாயித்துக்கெழம குடு. பூச பாக்கணும், புள்ளயோட குந்தி கறிசோறு துண்ணணும், மத்தியானம் ஒரு தூக்கம் போடணும். வேற இன்னா கேக்கறேன்?”

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். “மேஸ்திரியாண்ட கேக்க வேண்டியத சாமியாண்ட கேக்குது பாரு இந்த ஆளு.”

அது நிஜம். யாரிடமும் எதையும் கேட்க உனக்கு வாய் வராது. கடவுளிடம் மட்டும் கேட்பாய்.

அப்புறம் கம்பெனிக்கும் சங்கத்துக்கும் தகராறு முற்றிக் கதவை அடைத்தார்கள். சண்டை எப்படிப் போனாலும் உலைக்காரர்களை மட்டும் உள்ளே விடுவோம் என்று சங்கத்தார் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். ஆனால் கம்பெனிதான் உலையை அணைத்துவிடுவது என்று முடிவு செய்தது. அன்று நீ வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றாய். “அணஞ்சிடிச்சிமா” என்றாய் என்னிடம், யாரோ செத்துப்போனதைச் சொல்வதைப் போல.

அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை வந்தது, நீ கேட்ட மாதிரி.

ராயபுரத்துக்குப் போனோம். உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில். வெள்ளைச் சட்டையில் உன்னைப் பார்க்க யாரோ போலிருந்தது. பூசை நடக்கும்போதெல்லாம் நீ வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாய். உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தாய். பிரசங்கத்தின் நடுவில் எழுந்துபோய் வெளியே மர நிழலில் நின்றுவிட்டாய்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கேட்டாள். “கெட்ச்சிதா ஒன் ஞாயித்துக்கெழம?”

“கெட்ச்சிது. ஆனா ஞானம், கை சும்மா கீது. கை சும்மா கீறப்போ மனசு எங்க குந்தும்?”

அன்று மதியம் பாய் விரித்துப் படுத்தாய். கொஞ்ச நேரத்தில் எழுந்து கம்பெனி கேட்டுப் பக்கம் போய்விட்டாய். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். நாளாக ஆக மற்ற நாட்களிலும் அதே கதை. கொதிக்கிற அடுப்பின் முன்னால் குந்திக்கொண்டு விறகை இழுப்பாய், தள்ளுவாய். அம்மாவுக்குப் பொறுக்காது. “அந்தாண்ட போயா, சோறு கருகுது!”

செபமாலை மட்டும் நிற்கவில்லை. கடைசி விண்ணப்பம்தான் இப்போது அம்மாவுடையதாயிற்று. “சாமி, இந்த ஆள வேலைக்கு அனுப்பிச்சிடு. வூட்ல வெச்சிக்க முடியல.”

நீ உடனே முறைப்பாய். “ஞாயித்துக்கெழமய புடுங்கிடாத ஆண்டவரே” என்று சேர்த்துக்கொள்வாய்.

ஒரே சாமி படத்துக்கு முன்னால் இரண்டு பேரும் எதிரெதிராகக் கேட்டீர்கள். நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். யார் பக்கம் ஆமென் சொல்வது? இரண்டு பேர் கேட்டதையும் கொடுத்துவிடு என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். இதை உன்னிடம் சொன்னதில்லை.

முருகேசன் மாமா வந்த நாள் நினைவிருக்கிறதா? உன் ஷிஃப்ட்டுக்கு அடுத்த ஷிஃப்ட் அவர். ஊரில் சும்மா இருக்க முடியாமல், கம்பெனி திறக்கிறதா என்று விசாரிக்கத் திருவொற்றியூருக்கு வந்தவர், ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கும் வந்தார். பேச்சுவாக்கில் அம்மா உன் வேண்டுதலைச் சொல்லிச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“இன்னா சூசை, நெசமாவா? இத்தினி வருசமா இதுக்கா வேண்டிக்கினு இருந்த?”

நீ தரையைப் பார்த்தாய்.

“சாமியாண்ட கேட்டியே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா மாமு? நான் ஞாயித்துக்கெழம ஊருக்குப் போயி இன்னாத்த கிழிச்சேன்? சாவடியில குந்திக்கினு சீட்டாடினேன். என் புள்ளைங்களுக்கு செவ்வாக்கெழம அப்பன் வந்தா ஆவாதா?”

“நீ ஊருக்குப் போறவன். எப்டிய்யா கேக்கறது?”

“வாயால கேக்கறது!” அவர் கோபமாகவே சொன்னார். “கதவு தொறக்கட்டும். ஞாயித்துக்கெழம ஒல என்து. நீ அந்தப் பக்கம் வந்த, கால ஒடிப்பேன்.”

நீ அழுததை அன்றுதான் பார்த்தேன்.

கதவு திறந்தது. உலையை மறுபடி கட்டி, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றினார்கள். நீ வீட்டுக்கு வருவதே இல்லை. சோற்றை நான்தான் கேட்டில் கொண்டுவந்து கொடுத்தேன். கன்னமெல்லாம் சிவந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு வந்து வாங்கிப் போவாய். முருகேசன் மாமா சொன்ன சொல் தவறவில்லை. மேஸ்திரியிடம் அவரே பேசினார்.

அதன் பிறகு உனக்குக் கிடைத்த ஞாயிறுகள் எத்தனை என்று எண்ண எனக்குப் பயம். அதற்குள் எனக்குக் கல்யாணம் முடிந்து பெரம்பூருக்கு வந்துவிட்டேன். பூசையில் நீ அமைதியாக முட்டி போடுவதாக அம்மா சொன்னாள். பிரசங்கம் முழுவதும் உட்கார்ந்து கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து அவளுக்கு மறுபடி சொல்வாயாம், தப்பும் தவறுமாக. ஆனால் மதியத் தூக்கம் மட்டும் வரவில்லை. படுப்பாய், புரள்வாய், எழுந்துவிடுவாய்.

நானும் என் வீட்டுக்காரர் அருளும் சாப்பிட வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை தூங்கினாய்.

கறி நன்றாக இருந்தது என்றாய். அருளிடம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பைப் பற்றி ஏதோ கேட்டாய். ஜன்னல் ஓரம் பாய் போட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். கொஞ்ச நேரத்தில் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, கண்கள் விரிய என்னிடம் வந்தாள். “தூங்கிடிச்சிடி! ஒங்க நைனா தூங்கிடிச்சி!”

அந்த மதியம் முழுவதும் நாங்கள் நுனிக்காலில் நடந்தோம். பாத்திரங்களைச் சத்தம் வராமல் வெளியே எடுத்துப்போய்த் தேய்த்தோம். தெருவில் கோலி விளையாடிய பிள்ளைகளை அம்மா தணிந்த குரலில் விரட்டினாள். “தோ, அந்தாண்ட போய் ஆடுங்க. எங்க வூட்டுக்காரரு தூங்கறாரு.” எவ்வளவு பெருமை அந்தக் குரலில்! பக்கத்து வீட்டுக்காரியிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

டீ போட்டு எடுத்துப்போய்த்தான் எழுப்பினாள். “ஏய்ந்திருய்யா, ஆறிடும்.” தோளைத் தொட்டாள்.

நாங்கள் எவ்வளவு நேரம் செத்துப்போன உனக்காகச் சத்தம் போடாமல் நடந்துகொண்டிருந்தோம் நைனா? கறிச்சட்டியைத் தேய்க்கும்போது உயிரோடு இருந்தாயா? அம்மா பிள்ளைகளை விரட்டும்போது? இதயம் நின்றுவிட்டது, தூக்கத்திலேயே போய்விட்டார், கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்றார் டாக்டர். அவருக்கு எப்படித் தெரியும்?

கல்லறையில் சாமியார் உனக்கு நித்திய இளைப்பாற்றியை, முடிவில்லாத ஓய்வை, வேண்டினார். எல்லாரும் பதில் சொன்னார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. இளைப்பாற்றி கேட்டுத்தானே இப்படி ஆயிற்று என்று கத்தத் தோன்றியது.

அம்மா செபமாலையைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். “நான் வேல கேட்டேன். குடுத்தாரு. அந்த நெருப்புதான் மனுசன துண்ணுடிச்சி” என்றாள். முருகேசன் மாமாவோ, “ஒலயாண்ட நின்னுகினு இருந்திருந்தா யாரானா புடிச்சித் தூக்கியிருப்பாங்களே. நான் எதுக்கு ஞாயித்துக்கெழமய குடுத்தேன்?” என்று தலையில் அடித்துக்கொண்டார். நானோ இரண்டையும் கொடு என்று கேட்டவள். மூன்று பேர் கேட்டதும் கொடுத்ததும் சேர்ந்துதான் உன்னைக் கொன்றதா? அல்லது நீ கேட்டதை, கடைசித் துண்டான அந்தத் தூக்கம் வரை, ஆண்டவரே உனக்கு ஊட்டிவிட்டாரா? இந்தக் கேள்வியோடுதான் நான் காலையில் எழுகிறேன்.

அம்மாவை இங்கே பெரம்பூருக்குக் கூட்டிவந்துவிட்டோம். அவளுக்குப் புதிதாக ஒரு பழக்கம். யார் தூங்கினாலும் மூக்கருகில் விரலை வைத்துப் பார்ப்பாள். பகலில் யாரையும் படுக்க விடமாட்டாள். அவளும் படுக்க மாட்டாள். தேய்த்த பாத்திரத்தையே தேய்ப்பாள்.

போன வாரம் அருள் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்திருந்தார். அசந்து தூங்கிவிட்டார். அம்மா ஓடிவந்து அவரை உலுக்கினாள். “மாப்ள! மாப்ள! ஏய்ந்திரு!”

அவர் துள்ளி எழுந்தார். “இன்னா அத்த? வூடு பத்திகிச்சா?”

“ஒண்ணுமில்ல. சும்மா... ஏய்ந்திரு.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எத்தனை நாள்தான் பொறுப்பது? வாயைத் திறந்தேன். அருள் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். பிறகு பாயில் நகர்ந்து இடம் விட்டார்.

“அத்த, இங்க குந்து. நான் தூங்கறேன். நீ எம்மூஞ்சியே பாத்துக்கினு இரு. மூச்சு நின்னா எழுப்பு. நிக்காத வரிக்கும் வுட்டுடு.”

அவள் உட்கார்ந்தாள். அவருடைய மார்பில் கையை வைத்துக்கொண்டாள். அவர் நிஜமாகவே தூங்கிவிட்டார். நான் சமையலறையில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது, அம்மாவும் சுவரில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

எழுப்பத்தான் போனேன். பக்கத்தில் குனிந்தபோது அவள் மூச்சு என் கன்னத்தில் பட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எதையும் கேட்கவில்லை. கேட்கப் பயமாகவும் இருந்தது. சும்மா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண் விழித்ததும் திட்டினாள். “ஏண்டி எழுப்பல?”

“மூச்சு வந்துகினு இருந்துதும்மா.”

அவள் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அன்று சாயங்காலம் அவளாகவே செபமாலையை எடுத்தாள். முடிந்ததும், நீ விண்ணப்பம் வைக்கிற இடம் வந்தது. செபமாலையின் சிலுவையை முத்தமிட்டாள். பிறகு, பிள்ளைகளை விரட்டிய அதே தணிந்த குரலில் சொன்னாள்.

“ஆண்டவரே, நீயா எழுப்பற நாள் வரிக்கும் அந்த ஆள யாரும் எழுப்ப வேணாம். தூங்கட்டும்.”

நான் ஆமென் சொன்னேன் நைனா. முழுசாக, சத்தமாகச் சொன்னேன்.

என் கேள்வி தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நாளைக் காலையும் அது என்னோடு எழும். அதை உன்னிடம் கேட்டுப் பயனில்லை என்பதால், கேட்க வேண்டிய ஆண்டவரிடமே இனிமேல் சத்தமாகக் கேட்கப் போகிறேன். முருகேசன் மாமாவையும் ஒருநாள் வரச்சொல்லி எழுதப் போகிறேன். அவரைத் தனியாகத் தலையில் அடித்துக்கொள்ள விடமாட்டேன். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் கண் மூடும்போதெல்லாம் பக்கத்தில் ஒருவர் விழித்திருப்போம். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

நீ பெற்ற ஒரே பெண்,
உன் கையை இன்னும் விடாத
திரேசா