தண்ணீர் முறையும் ஆங்கில வகுப்பும்

பெப்ரவரி 10, திங்கள்

பின்னேர சூம் வகுப்பு. பதினொரு பிள்ளைகள், பதினொரு கறுப்புக் கட்டங்கள். கேள்வி கேட்டால் பேச்சுமூச்சில்லை. பண்டத்தரிப்பிலிருந்து சேருகிற ஆரணி மட்டும் வாய் திறக்கிறாள். வீட்டுக்குள் சிக்னல் இல்லையென்று வெங்காயத் தோட்டத்தில் நின்று படிக்கிற பிள்ளை. அவளும் இல்லாவிட்டால் நான் சுவரோடுதான் ஆங்கிலம் கதைக்க வேண்டும்.

பெப்ரவரி 12, புதன்

ஆரணி பக்கம் ஒரே தண்ணீர் இறைக்கிற மெசின் சத்தம். "முதல் உந்த மெசினை நிப்பாட்டும்!" என்று கத்திவிட்டேன். நிறுத்தினாள். பிறகு அருமையான வகுப்பு. நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தேன்.

பெப்ரவரி 14, வெள்ளி

ஆரணி வரவில்லை. நானே கேட்டேன், நானே பதிலும் சொன்னேன்.

பெப்ரவரி 15, சனி

அவள் தகப்பன் தியாகராசாவுக்குப் போன் எடுத்தேன். அவர்களுடையது பங்குக் கிணறாம். நாலு குடும்பம் முறை வைத்து இறைக்கிறது. புதன் பின்னேரம் இவர்களின் முறை. மெசினை மகளிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். வந்து பார்த்தால் மெசின் நிற்கிறது, முறையும் முடிந்துவிட்டது.

"ரீச்சர் சொன்னவ எண்டு நிப்பாட்டினவளாம். பாதி வெங்காயம் வாடிப்போச்சு. இனி வகுப்பு வேண்டாம்."

"அந்தச் சத்தத்துக்குள்ளை எப்பிடி ஐயா படிப்பிக்கிறது?" என்றேன். அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் போனது.

"உங்கடை கோச்சியை நிப்பாட்டச் சொல்லி என்ரை பிள்ளை கேட்டவளோ?"

சரிதானே! "பொறுங்கோ பிள்ளையள், கோச்சி போகட்டும்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன் — எனக்கேன் உந்த வாய்? மன்னிப்புக் கேட்டேன். மெசின் ஓடட்டும், பிள்ளையை வகுப்புக்கு விடுங்கோ என்றேன்.

"பாப்பம்" என்று வைத்துவிட்டார். எங்கள் ஆட்கள் பாப்பம் என்றால் அது ஓமும் இல்லை, இல்லையும் இல்லை.

பெப்ரவரி 17, திங்கள்

வரவில்லை. இரண்டு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பார்த்தேன்.

பெப்ரவரி 19, புதன்

வந்துவிட்டாள்! மெசின் சத்தமும் சேர்ந்து வந்தது. எல்லாரும் கத்திக் கதையுங்கோ என்றேன். வழமைபோல ஆரணிதான் கத்தினாள்.

நடுவில், "ரீச்சர், வாய்க்கால் மாத்திப்போட்டு வாறன்" என்று போனைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். திரையில் அவர் முகம். பழக்கதோஷம், "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டுவிட்டேன். மனுசன் முழித்தார்.

திடீரென்று ஒரு கட்டம் திறந்தது. "ஃபைன் எண்டு சொல்லுங்கோ, அங்கிள்!" பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம். இவ்வளவு நாளும் வாயில் கொழுக்கட்டை வைத்திருந்த பிள்ளைகளா இவர்கள்?

"ஃபைன்!" என்று மெசினுக்கு மேலால் கத்தினார். விடுவேனா? அடுத்த கேள்வி கேட்டேன். பிள்ளைகள் சொல்லிக் கொடுக்க, அவர் சொன்னார்.

ஆரணி ஓடிவந்து போனைக் கேட்டாள்.

"பொறு பிள்ளை, ரீச்சர் என்னோடை கதைச்சுக்கொண்டிருக்கிறா."