கிமுதாயின் காலில் ஒட்டிய விளக்கு

இட்டென்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள ஜெரோப்,

நாங்கள் மூவரும் நலம், கனடாவில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மழை சரியான சமயத்தில் வந்தது, சோளம் முழங்கால் உயரம் நிற்கிறது, உன் அப்பா தினமும் இரண்டு தடவை போய் அதை அளந்து பார்க்காத குறை.

உன் தம்பி கிமுதாயின் கால் விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கல்லாக இறுகிப்போகும், நின்றால் கால் மணி நேரத்தில் சரியாகிவிடும். படம் எடுத்தார்கள், எலும்பில் ஒன்றுமில்லை. பயிற்சியாளர் கோகோ, "டேய், டாக்டரைப் பாத்ததும் உன் கால் குணமாயிடுதே, அவரையும் கூட்டிட்டு ஓடேன்" என்று எல்லார் முன்னும் கேலி செய்திருக்கிறார். மாத முடிவுக்குள் காரணம் தெரியாவிட்டால் ஓட்டப் பயிற்சி முகாமில் இடமில்லை என்றும் சொல்லிவிட்டார்.

எல்டோரெட் நகரத்தில் செரோனோ என்று ஒரு பெண் டாக்டர் இருக்கிறார். தசைக்குள் ஊசி குத்தி அழுத்தம் பார்ப்பதற்குப் பதிலாக, காலில் தீப்பெட்டி அளவு ஒரு பெட்டியை ஒட்டி, ஒளியைச் செலுத்தி, ஓடும்போது தசைக்கு ஆக்சிஜன் கிடைக்கிறதா என்று பார்க்கிறார். வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான், விளக்கைக் காட்டி வலியைக் கண்டுபிடிப்பதாகச் சொன்னால் உடனே நம்புவேனா, அரை மணி நேரம் கேள்வி கேட்டேன். பெட்டி மட்டும் போதாதாம், வலி பத்துக்கு எத்தனை என்று ஓடுகிறவனும் நிமிடத்துக்கு நிமிடம் சொல்ல வேண்டுமாம், இரண்டும் ஒத்துப்போனால்தான் முடிவு எழுதுவாராம்.

அங்கேதான் வினை வந்தது. ஒன்பதாவது நிமிடத்தில் திரையில் ஆக்சிஜனைக் காட்டும் கோடு இறங்கிவிட்டது, பாதத்தைத் தூக்க முடியாமல் டிரெட்மில்லில் சப்பு சப்பென்று அடிக்கிறான், கேட்டால் "ரெண்டு" என்கிறான். விருத்தசேதனச் சடங்கில் கத்தி பட்டபோது அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை என்று இன்றைக்கும் பெருமை பேசும் அப்பா எதிரே நிற்கிறாரே. டாக்டர், "தம்பி, கால் ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு சொல்றே, நான் எதை எழுத?" என்றார். நான் அப்பாவை டீ வாங்கி வரச் சொன்னேன். "நான் என்ன அவன் வாயைப் பொத்திட்டா நிக்கிறேன்?" என்று முறைத்துக்கொண்டே போனார்.

ஓய்வுக்குப் பிறகு மறுபடி ஓடினான். எட்டாவது நிமிடத்தில், என்னையும் பார்க்காமல் சுவரைப் பார்த்து "ஏழு" என்றான். அடுத்த நிமிடம் "ஒன்பது". நின்ற பிறகும் கோடு மேலே ஏற வெகுநேரமானது. ஓடும்போது தசை பருக்கிறது, அதைச் சுற்றியிருக்கும் உறை இடம் கொடுக்காமல் இறுக்குகிறது, அவ்வளவுதான் என்றார் டாக்டர். ஆறு வாரம் கால் வைக்கும் விதத்தை மாற்றி ஓடிப் பார்க்க வேண்டும், சரிவராவிட்டால் சின்ன அறுவை சிகிச்சை. கோகோ அறிக்கையை இரண்டு தடவை படித்துவிட்டு, அவன் இடம் அவனுக்குத்தான் என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

அப்பா டீயோடு கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். உள்ளே வந்து முதல் கோப்பையை அவனிடம் நீட்டினார்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, வேலை வேலை என்று சாப்பாட்டை விடாதே. கடவுள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். தம்பியோடு பேசும்போது கால் எப்படி இருக்கிறது என்று கேட்காதே, ஒன்றுமில்லை என்பான். பத்துக்கு எத்தனை என்று கேள். அப்பா பக்கத்தில் இருந்தாலும் இப்போது சொல்கிறான்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா