நீங்கள் திருப்பி ஏசாத அந்த மத்தியானம்

மச்சாள்,

இன்று காலை பக்கத்து வளவில் பனம்பழம் சுட்டார்கள். காவோலை எரிகிற புகையும், அதற்குள் பழம் வேகும்போது வருகிற கொழுத்த இனிப்பு மணமும் சோளகக் காற்றோடு சேர்ந்து நேரே எங்கள் குசினிக்குள் வந்தன. யன்னலைச் சாத்தினேன். சாத்தியும் நிற்கவில்லை. அடுப்பில் இருந்த பருப்பு அடிப்பிடித்தது. முற்றத்தில் நின்ற என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, "என்னப்பா கருகுது?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டு, சட்டியை இறக்கி வைத்துவிட்டு, கொப்பியும் பேனையுமாக வந்து இருக்கிறேன்.

ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தவர்களுக்குள் என்ன கடிதம் என்று சிரிப்பீர்கள். பிரான்சில் இருக்கிற மகனுக்குப் போகிற கடிதங்களைக்கூட நான் சொல்லச் சொல்ல நீங்கள்தானே எழுதினீர்கள். நீங்கள் எட்டாம் வகுப்பு, நான் ஐந்தோடு நின்றவள். ஆனால் என் எழுத்து உங்கள் எழுத்தைவிட வடிவு. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

போய்ச் சேர்ந்துவிட்ட ஒருவரோடு கோபித்துக்கொள்வது சரியோ தெரியாது. எனக்குக் கோபம்தான். இரண்டு வருடமாகியும் ஆறவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் போய்விட்டீர்கள். அன்றைக்கு நான் அந்தச் சொல்லைச் சொன்னபோது, ஏன் திருப்பி ஏசவில்லை?

எதற்குத்தான் நீங்கள் ஏசாமல் விட்டீர்கள்? தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்த இடத்திலிருந்து எங்கள் ஊர் சரவணைக்குத் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் கூரையும் இல்லை, கதவு நிலையும் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருடம். பிள்ளைகளும் இல்லை. தம்பி வீடு என்று எங்களோடு வந்து சேர்ந்தீர்கள். வந்த மூன்றாம் நாள், கிடுகுக் கொட்டிலுக்குள் நான் வைத்த மீன் குழம்பை வாயில் வைத்துவிட்டு, "என்ன பிள்ளை, நீர் உப்பளத்திலயோ பிறந்தனீர்?" என்று கேட்டீர்கள்.

அன்று தொடங்கியதுதான். உப்புக் கூட, புளி குறைய, சோறு குழைஞ்சு போச்சு. நானும் விட்டேனா? "நாக்கு அவ்வளவு நீளமெண்டால் நீங்களே வைச்சுத் தின்னுங்கோவன்" என்பேன். உங்கள் தம்பி சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். நாங்கள் இரண்டு பேரும் ஏசி முடித்து, தேத்தண்ணி ஊற்றி, ஒரே பனங்கட்டியை உடைத்துக் கடித்துக்கொண்டு குடிப்போம். அதுதான் எங்கள் வீட்டு வழமை. அதில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

பிறகு அந்த ஆவணி வந்தது. இரண்டாயிரத்து மூன்று. யாழ்ப்பாணத்துக்கு வருகிற பாதை திறந்து, சண்டை ஓய்ந்திருந்த காலம். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு மகன் வருகிறான் என்று செய்தி வந்தது. மருமகளும் வருகிறாள். நான் படத்தில் மட்டும் பார்த்திருந்த எட்டு வயதுப் பேத்தி அபியும் வருகிறாள். வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து நின்ற வீடுகளை எல்லாம் நான் பார்த்து வைத்திருந்தேன். என் வீடு எதிலும் குறையக் கூடாது. சுவருக்கு வெள்ளை அடித்தோம். கொமட் வைத்துக் கக்கூசு கட்டினோம். கோழிக்கூடு மணக்கும் என்று பின்வேலிக்குத் தள்ளினோம். கதிரைகளுக்குப் புது உறை, கட்டிலுக்கு நுளம்பு வலை, கொதித்தாறிய தண்ணீர் பதினைந்து போத்தல்.

நீங்கள் படலையடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தீர்கள். "வாறது பேத்தியோ, கவர்மென்ட் ஏஜென்ட் துரையோ?" என்றீர்கள். "அந்த நாயையும் பிரெஞ்சில குரைக்கப் பழக்கிவிடுமன்." எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டவில்லை.

நயினாதீவு அம்மனுக்கு ஒரு நேர்த்தியும் இருந்தது, உங்களுக்குத் தெரியும். அபி பிறந்தபோது மூச்சுவிட ஏலாமல் மூன்று கிழமை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவள். பிள்ளை தப்பினால் வெள்ளைச் சட்டை போட்டு உன் வாசலுக்குக் கூட்டி வருவேன் என்று இடம்பெயர்ந்திருந்த இடத்திலிருந்து மன்றாடினேன். அந்தச் சட்டையை யாழ்ப்பாணத்தில் தைப்பித்து, கழுத்துக்கு லேஸ் வைத்து, கடதாசி சுற்றி அலுமாரியில் வைத்திருந்தேன்.

அபி வந்தாள். வெயிலில் நிற்காதே என்று உள்ளே கூட்டிக்கொண்டு போய் யன்னலோரக் கதிரையில் இருத்தினேன். பிஸ்கட் வைத்தேன். சோடா உடைத்துக் கொடுத்தேன். இரண்டு நாளும் அவள் கலியாண வீட்டுக்கு வந்த பிறத்தியாரைப் போலக் காலை ஆட்டிக்கொண்டு இருந்தாள். மூன்றாம் நாள் பின்வேலியில் கோழிச் சத்தம் கேட்டு எழும்பிப் போனாள். அங்கே நீங்கள் நின்றீர்கள். அதோடு சரி.

அதற்குப் பிறகு அவளை யன்னலோரத்தில் யாரும் காணவில்லை. நாவற்பழம் தின்று நாக்கை நீலமாக்கிக்கொண்டு வந்தாள். ஆட்டுக்குக் குழை போட்டாள். கிணற்றடியில் நீங்கள் வாளியால் அள்ளித் தலையில் ஊற்ற ஊற்ற, மூச்சு முட்டக் கத்தினாள். "இன்னும் ஒண்டு, மாமி! இன்னும் ஒண்டு!" தகப்பன் கூப்பிடுகிறபடி அவளும் உங்களை மாமி என்றே கூப்பிட்டாள்.

நான் துவாயோடு ஓடி வந்து, "உவர்த் தண்ணி, பிள்ளைக்கு மயிர் கொட்டப் போகுது" என்றேன்.

"உம்மட மோனுக்கும் இதே தண்ணிதான் வாத்தது. அவன்ர மயிர் கொட்டினதோ?" என்றீர்கள்.

வேப்பமரத்தடியில் இருந்த மகன் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, "மாமி, நீங்கள் எந்தப் பக்கம் கதைக்கிறியள்?" என்று கேட்டான். மருமகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உங்கள் தம்பிகூடச் சிரித்தார். எல்லோரும் சிரித்த நாட்கள் அவை. நான் மட்டும் போத்தல் தண்ணீரோடு பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். காத்திருந்தது நான், பிள்ளை பிடித்துக்கொண்டு திரிந்தது உங்கள் சேலைத் தலைப்பை. வெளியில் சொல்ல வெட்கம். உள்ளே எரிந்தது.

அம்மன் கோயிலுக்குப் போவதற்கு முதல் நாள் மத்தியானம், அளவு பார்ப்பதற்காக அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டு, ஊசி நூல் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வர அவள் இல்லை. குசினிக்குப் பின்னால் காவோலைப் புகை. நீங்கள் குந்தியிருந்து சுட்ட பனம்பழத்தின் தோலை உரித்துக் கொடுக்கிறீர்கள். அவள் பழத்தின் தும்பைப் பல்லால் இழுத்து இழுத்துச் சூப்புகிறாள். முகம், கை, கழுத்து லேஸ், நெஞ்சு எல்லாம் மஞ்சள் பழக்களி.

"அம்மன்ர சட்டையெல்லோ இது! உங்களுக்குக் கண் தெரியேல்லையோ?"

"ஐயோ, நான் கவனிக்கேல்லை. களிதானே பிள்ளை, துவைச்சால் போகும்."

"போகாது! என்ன போகும்? பிள்ளை பெத்து வளத்திருந்தால் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்!"

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. மருமகள் குசினி வாசலில் நின்றாள். அபி சூப்புவதை நிறுத்திவிட்டாள். நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். வாயைத் திறந்தீர்கள். நான் காத்திருந்தேன் மச்சாள், சத்தியமாகக் காத்திருந்தேன். நீங்கள் ஒன்று சொன்னால் நான் ஒன்று சொல்வேன், இரண்டு பேரும் கத்தி முடித்துத் தேத்தண்ணி ஊற்றுவோம் என்று நின்றேன்.

"ஓம், அது சரிதான்" என்றீர்கள். எழும்பி, அபியின் கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

நான் அறைக்குள் போய்ப் பாயில் சரிந்தேன். கொஞ்ச நேரத்தில் அபி வேறு சட்டையோடு, ஈரக் கையோடு வந்தாள். பக்கத்தில் படுத்து, என் கையை இழுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டாள். வந்து இத்தனை நாளில் அதுதான் முதல் தரம். கை விறைத்துப்போன பிறகும் நான் அசைக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். சொந்த அப்பாச்சி யார் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த நாள், சவர்க்காரம் போட்டும் போகாத மஞ்சள் கறையோடு நயினாதீவுக்குப் போனோம். நீங்கள் வரவில்லை. "ஆட்டுக்கு ஆர் குழை போடுறது? நீங்கள் போயிட்டு வாங்கோ" என்றீர்கள். லோஞ்சில் அபி மூன்று தரம் கேட்டாள், மாமி ஏன் வரவில்லை என்று. நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மன் அந்தக் கறையைப் பெரிதாக எடுத்ததாக எனக்குப் படவில்லை.

அவர்கள் போனார்கள். நீங்களும் பெட்டியைக் கட்டுவீர்கள் என்று பயந்தேன். கட்டியிருந்தால் படலையில் மறித்துக் காலில் விழுந்திருப்பேன், கதை முடிந்திருக்கும். நீங்கள் எங்கும் போகவில்லை. முற்றம் கூட்டினீர்கள், ஆடு பார்த்தீர்கள், என்னோடு நன்றாகவே கதைத்தீர்கள். ஒன்றுதான் மாறியது. அந்த மத்தியானத்துக்குப் பிறகு என் சமையலை நீங்கள் ஒரு நாளும் குறை சொல்லவில்லை.

முதல் கிழமை நான் கவனிக்கவில்லை. மாதம் ஒன்றானபோது சோறு எனக்கு இறங்கவில்லை. ஒரு நாள் வேண்டுமென்றே கத்தரிக்காய்க் குழம்புக்கு இரண்டு பிடி உப்பு அள்ளிப் போட்டேன். உங்கள் தம்பி ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினார்.

"என்னடியப்பா, கடலை மொண்டு ஊத்தினியோ?"

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் சோற்றைக் குழைத்துக் குழைத்துச் சாப்பிட்டீர்கள். கோப்பையை வழித்தீர்கள். இரண்டு செம்பு தண்ணீர் குடித்தீர்கள்.

"நல்லாத்தானே இருக்கு" என்றீர்கள்.

அன்றைக்கு நான் ஆட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அது தண்டனை இல்லாமல் வேறு என்ன? ஒருவரை இப்படியா கொல்வது?

பிறகு திரும்பவும் சண்டை தொடங்கி, பாதை பூட்டுப்பட்டது. அரிசிக்கும் சீனிக்கும் வரிசை. அல்லைப்பிட்டிப் பக்கம் வீடு புகுந்து சுட்ட கதைகளைக் கேட்டு ஊர் வாயடைத்துப் போயிருந்தது. அந்த நாட்களில் நீங்களும் நானும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தோம்! நான் சொன்னது பிழை மச்சாள் என்று சொல்ல எவ்வளவு நேரம் இருந்தது! வாய் வரைக்கும் வரும். வந்ததை விழுங்கிவிட்டு, "நாளைக்கு அரிசி காணுமோ?" என்று கேட்டுவிடுவேன். என்னுடைய ரோசம் உங்களுக்குத் தெரியாததா? தெரிந்தவர் நீங்கள், ஒரு சொல்லால் எனக்கு வழி விட்டிருக்கலாம்.

அதற்கடுத்த மாசியில் மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். கடைசியாகக் கஞ்சி பருக்கும்போது, "உப்புக் காணுமோ?" என்று கேட்டேன். "காணும், போதும்" என்றீர்கள். ஒரு குறையும் சொல்லாமல், அதிலும் ஏமாற்றிவிட்டுத்தான் போனீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அபி ஃபோன் எடுத்தாள். இப்போது பதினாலு வயது, குரல் பெரிய மனுசி. சண்டை முடிந்துவிட்டது, இனிப் பயமில்லை, அடுத்த ஆவணிக்கு வருவோம் என்று தகப்பன் சொல்கிறானாம். நான் பெருமையாக, "அப்பாச்சியின்ர கையில தலை வைச்சுப் படுத்தனியே, ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "அப்பாச்சி, அப்ப எனக்கு உங்களோட சரியான பயம். மாமிதான் என்னைப் போகச் சொன்னவ."

"என்ன சொன்னவ?"

"கிணத்தடியில வைச்சுச் சொன்னவ. அப்பாச்சி உனக்காகக் கன வருசம் பாத்துக்கொண்டு இருந்தவ, போய்ப் பக்கத்தில படு, கையில தலை வை, அவவுக்கு அது விருப்பம் எண்டு."

ஆறு வருடமாக என்னுடையது என்று நான் வைத்திருந்தது அந்த ஒரு மத்தியானம்தான். அதையும் நீங்கள்தான் தந்திருக்கிறீர்கள். நெஞ்சில் கத்தியை இறக்கினவளுக்கு, அடுத்த கணமே பிள்ளையைக் கழுவித் துடைத்து அனுப்பியிருக்கிறீர்கள். நல்லவராக இருந்துவிட்டுப் போங்கள், நான் வேண்டாம் என்று சொன்னேனா? ஆனால் அதை மறைத்து வைத்துக்கொண்டு மூன்றரை வருடம் என் உப்புக் குழம்பைத் தின்றீர்களே, அதைத்தான் பொறுக்க ஏலாமல் இருக்கிறது.

"அப்பாச்சி? இருக்கிறியளோ?" என்றாள் அபி.

அவளிடம் சொன்னேன். அன்றைக்கு நான் சொன்ன சொல்லை அப்படியே சொன்னேன். வேறு யாரிடமும் நான் வாய் திறந்ததில்லை.

"அப்பாச்சி, நீங்கள் சொன்னது கூடாத கதை" என்றாள். "சரியான கூடாத கதை."

"ஓம் பிள்ளை" என்றேன். "கூடாத கதைதான்."

ஃபோனை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். யாராவது ஒருவர் என்னை ஏச வேண்டியிருந்தது, ஏசிவிட்டார்கள். கொஞ்சம் இலேசாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளை பாவம், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள், மரியாதையாக ஏசினாள். அன்றைக்கு நீங்கள் வாயைத் திறந்து மூடினீர்களே, அதற்குள் நின்ற ஏச்சு வேறு. அது என்னவென்று வேலையாக இருக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். சில நேரம் உங்கள் குரலை எடுத்து எனக்கு நானே ஏசிப் பார்க்கிறேன். உங்கள் தம்பி, "ஆரோட கதைக்கிறாய்?" என்று கேட்கிறார். அடுப்பை ஊதிக்கொண்டிருப்பேன். ஒரு நாளும் அந்த ஏச்சு சரியாக வருவதில்லை. நீங்கள் என்றால் இதைவிட நன்றாக ஏசியிருப்பீர்கள்.