பதினொன்றாவது பூங்கா

மார்ச் 4

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

தங்கை வீடு சௌகரியம். ஊர் ஏரிக்குள் நாக்கை நீட்டிக்கொண்டு கிடக்கிறது. மூன்று பக்கம் தண்ணீர், நாலாவது பக்கம் தங்கையின் மாமியார். கரையோரம் பதினொரு பூங்காக்கள் உண்டாம். வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்துவிட்டு வருகிறேன். இன்று முதலாவது. வாத்து ஒன்று என் செருப்பை முகர்ந்து பார்த்து நிராகரித்தது. பருப்பு டப்பா மேல்தட்டில்.

உங்கள் மனைவி

மார்ச் 9

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

வாரத்துக்கு ஒன்று என்றால் மே 13-இல் முடிகிறது. மறுநாள் காலை 6.40 ரயில். அட்டவணை போட்டுச் சமையலறையில் ஒட்டியிருக்கிறேன். சிறிய பூங்காக்களை ஒரே நாளில் சேர்த்துவிட முடியாதா? ரயில்வேயில் இருந்தபோது அப்படித்தான் செய்வோம்.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் கேட்டார்: "அம்மா எப்ப சார் வர்றாங்க?"

"மே பதினாலு."

"அது அவங்க சொன்னதா, நீங்க சொல்றதா?"

அவர் கேள்வியை உனக்கே அனுப்புகிறேன். நீ சொல்.

உன் கணவன்

ஏப்ரல் 9

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நேற்று ஆறாவதுக்குப் போக வேண்டியது. நாலாவதுக்கே மறுபடி போனேன். அங்கே ஏரிக்குள் கல்லடுக்கு ஒன்று நீள்கிறது. நுனியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டேன். மணி என்ன என்று யாரும் கேட்கவில்லை.

"பாத்ததையே என்னக்கா மறுபடி பாக்கிற?" என்றாள் தங்கை.

"போன தடவ அவசரத்துல பாத்தேன்டி."

உங்கள் மனைவி

ஏப்ரல் 13

அன்புள்ளவளுக்கு,

நாலாவதுக்கு இரண்டாம் முறை என்பது அட்டவணையில் இல்லை. ஒரு வாரத் தாமதம் என்று திருத்தியிருக்கிறேன். திருத்தியும் மனசு ஆறவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு உன் கடிதத்தைப் படித்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. கோபமா? கோபம் என்றால் காரணங்களை வரிசையாக எழுது. ஒவ்வொன்றுக்கும் பதில் தருகிறேன்.

உன் கணவன்

மே 13

அன்புள்ள உங்களுக்கு,

கோபம் இல்லை. முப்பத்தொரு வருஷம் ரயில்வேயில் ஊரார் பயணத்துக்கெல்லாம் நேரம் குறித்தீர்கள். நம் பயணத்துக்கு மட்டும் "அடுத்த மாசம் பாக்கலாம்." அப்படியொரு மாதம் வரவேயில்லை.

பத்துப் பூங்காக்களைப் பார்த்தாயிற்று. பதினொன்றாவதுக்குப் போகப்போவதில்லை. போனால் முடிந்துவிடும், முடிந்தால் கிளம்ப வேண்டும். கரை அரிக்காமல் இருக்க நாணல் நடுகிறார்கள். அந்த வேலையில் சேர்ந்துவிட்டேன். திங்கள் முதல் சனி வரை. ஞாயிறு ஓய்வு.

மனைவி

மே 17

அன்புள்ளவளுக்கு,

"ஞாயிறு ஓய்வு" என்பதை நாலு முறை படித்தேன். தகவலா, அழைப்பா என்று தெரியவில்லை. கேட்டு எழுதப் பயம். அழைப்பு என்றே வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்கு ரயில் கிடையாது. அங்கெல்லாம் யார் போகப்போகிறார்கள் என்று கோப்பில் எழுதி, அதை நிறுத்தியவன் நான்தான். ஆகவே சனிக்கிழமை மத்தியானமே வந்து நிலையத்தில் உட்கார்ந்திருப்பேன். நீ வேலையை முடித்துவிட்டு வா. வர மனமில்லை என்றால் மறுநாள் வா.

திரும்ப டிக்கெட் எடுக்கவில்லை. அதற்கு நேரம் நீ குறித்துக் கொடு.

உன் கணவன்