நடுக்கதவுக்குக் கீழே ஓர் உத்தரம்

மார்ச் 3, 1997, திங்கள்

காலையில் பனித்தூறல். ரூட் 18 முழுக்க நெரிசல். இந்த ஊருக்கு வந்து இன்னும் லைசென்ஸ் வாங்கவில்லை, கூட வேலை பார்க்கும் மூர்த்தி சார் காரில்தான் ஆபீஸ். வழியெல்லாம் என் பேச்சுதான். மியூசியத்துக்காக நாங்கள் புதுப்பிக்கும் பழைய சுரங்க ரயில் பெட்டி பற்றி. முதலில் வந்த பெட்டிகள் மரம், மேலே செம்புத் தகடு. எங்களுடையது அடுத்து வந்த எஃகு. நடுக்கதவு பிற்பாடு வெட்டியது, கண்டுபிடித்துவிட்டேன்! அங்கே மட்டும் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி வரிசை வேறு. ஆரம்பத்தில் இரண்டு முனையிலும்தான் கதவு. கூட்டம் தாங்காமல் நடுவிலும் திறந்திருக்கிறார்கள்.

"இன்ட்ரஸ்டிங்கா இருக்கேம்மா!" என்றார் சார்.

வாங்க: கொத்தமல்லி, டயப்பர்.

மார்ச் 5, புதன்

மீட்டிங். மூர்த்தி எழுந்தார். ரிவெட்டைப் பார்த்ததும் தனக்குச் சந்தேகம் வந்ததாம். தனக்காம்! பாஸ் கைதட்டினார், ஆரம்பத்தில் இருந்தபடியே நடுக்கதவை மூடிவிடலாம் என்றார். தயிர்சாதம் இறங்கவில்லை.

திரும்பும்போது காரில், "தப்பா எடுத்துக்காதம்மா. நம்மள்ல யார் சொன்னா என்ன?"

நல்லவேளை, பாதிதான் உளறியிருந்தேன். அந்தக் கதவுக்கு நேர் கீழே, பெட்டிக்கு அடியில், உத்தரம் ஆழமாகத் தொங்குகிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். அந்த ஆளுக்குத் தெரியாது. இனி காரில் வெதர் மட்டும்.

மார்ச் 12, புதன்

மியூசியத்தார் வந்தார்கள். கூடவே அந்தக் காலத்தில் அந்த ரயிலில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார், நடுக்கதவை மூடுகிறீர்கள், சரி, அடியில் இந்த உத்தரம் எதற்கு?

மூர்த்தி பேப்பரைப் புரட்டினார். தண்ணீர் குடித்தார். என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். மனசுக்குள் பத்து எண்ணினேன். அவ்வளவு இனிப்பு.

பிறகு சொன்னேன். பக்கச் சுவரும் சேர்ந்துதான் பெட்டியைத் தாங்குகிறது. கதவுக்காக அதை வெட்டியதும் வலு போச்சு, அதை ஈடுகட்டத்தான் உத்தரம். கதவை மூடினால் அதையும் எடுத்துவிட வேண்டும்.

ரிவெட்டையும் நீதான் கவனித்தாயா என்றார் பாஸ். ஆமாம் என்றேன். இனி வரைபடமெல்லாம் என் பொறுப்பு.

ஐந்தரைக்குப் பார்க்கிங் லாட்டில் மூர்த்தி கார் இல்லை. சொல்லாமல் போய்விட்டார். பஸ், அப்புறம் மழையில் நடை. வழியெல்லாம் சிரிப்பு.

மார்ச் 21, வெள்ளி

லைசென்ஸுக்கான ரோடு டெஸ்ட்டில் பாஸ். பாரலல் பார்க்கிங் ஒரே தடவையில்! பழைய கார் ஒன்றும் வாங்கியாச்சு.

மார்ச் 24, திங்கள்

குழந்தைக்குச் சளி. சாயங்காலம் போன். மூர்த்தி.

"மாலதி, என் வண்டி டிரான்ஸ்மிஷன் போயிடுச்சும்மா. ஒரு வாரம் ரைடு கிடைக்குமா?"

"தாராளமா வாங்க சார். ஏழே காலுக்கு ரெடியா இருங்க."

முன்சீட்டில் என் வரைபடங்களை உறையில் போட்டு இப்போதே வைத்தாகிவிட்டது. சாருக்குப் பின்சீட்டு, குழந்தையின் கார் சீட்டுக்குப் பக்கத்தில்.