நாலு பேர் என்றார் அம்மா

பிப்ரவரி 3, திங்கள்

வாசிப்பு வட்டத்தைத் தலைமையாசிரியை இன்று என் தலையில் கட்டிவிட்டார். வெள்ளிதோறும் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம், நூலகத்தில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேரோடு. புத்தகத்தையும் அவரே தேர்ந்தெடுத்துவிட்டார். போர்க்காலத்தில் ஊரோடு லாரியில் ஏற்றி நாடு கடத்தப்பட்ட ஒரு குடும்பத்தின் கதை. இளையோருக்கான நாவல். "உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே" என்றார். தெரியும். ஏழு வயதில் அப்படி ஒரு லாரியில் போனவள்தான். அதற்காக?

முடியாது என்று சொல்லியிருக்கலாம். பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கி வந்தேன்.

பிப்ரவரி 5, புதன்

அம்மாவுக்குக் கண்புரை. எழுத்து தெரிவதில்லை. நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படிப்பதைப் பார்த்துவிட்டு, எனக்கும் படித்துக் காட்டேன் என்றார். ஏதாவது புளுகித் தப்பித்திருக்கலாம், வாய் வரவில்லை. முதல் இரண்டு அத்தியாயம் படித்தேன். பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டார். ஒரு கிழவர் லாரியில் ஏற முடியாமல் தவிக்கும் இடத்தில் மட்டும், "உயரம்தான்" என்றார்.

பிப்ரவரி 7, வெள்ளி

முதல் கூட்டம். பாதிப் பேர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அட்டைப்படத்தை வைத்தே ஒரு மணி நேரத்தை ஓட்டப் பார்த்தார்கள். படித்துவிட்டு வந்த ஒருத்தி எல்லோருக்கும் சேர்த்துப் பேசினாள். அவளுக்கு வக்கீல் என்று பட்டப்பெயராம். பொருத்தம்தான், என்னையே இரண்டு முறை குறுக்கு விசாரணை செய்துவிட்டாள்.

பிப்ரவரி 12, புதன்

ஆறாம் அத்தியாயம். வீட்டில் எத்தனை பேர் என்று சிப்பாய் கேட்கிறான். வளர்ந்த பையன்களைத் தனியாகப் பிரித்துக் கொண்டுபோகிறார்கள் என்று தெரிந்து, தாய் மூத்தவனைப் பரணில் ஒளித்துவிட்டு ஓர் ஆளைக் குறைத்துச் சொல்கிறாள்.

புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன். இதை எழுதியவருக்கு யார் சொன்னது? இன்னும் எத்தனை வீட்டில் இப்படி நடந்ததோ. எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், நான், தம்பி. "நாலு பேர்" என்றார் அம்மா. அண்ணனுக்கு அப்போது பதினாறு வயது. லாரி கிளம்பிவிட்டது. முகாமில் அப்பா காய்ச்சலில் போனார். ஐந்து வருடம் கழித்துத் திரும்பவிட்டபோது எங்கள் தெருவே இல்லை. அண்ணனை அதற்குப் பிறகு பார்த்ததாகச் சொல்ல ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.

அம்மாவுக்குப் படிக்கும்போது ஆறை விட்டுவிட்டு ஏழுக்குத் தாவினேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

அந்தத் தாய் கெட்டிக்காரி என்று ஒரு பையன் சொன்னான். வக்கீல் விடவில்லை. "அந்த அண்ணன் மேலேருந்து கேட்டுட்டுதானே இருந்தான் மிஸ்? அம்மாவே நம்மள விட்டுட்டாங்கன்னு நினைச்சிருக்க மாட்டானா?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அடுத்த வாரம் பேசுவோம் என்று மழுப்பினேன்.

எனக்குப் பதினேழு வயதிருக்கும்போது அம்மா பக்கத்து வீட்டு அம்மாளிடம் இதையேதான் சொல்லி அழுதார். என் வாயாலேயே அவனை இல்லை என்றேன், அவன் அதைக் கேட்டுக்கொண்டே செத்திருப்பான் என்று. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது. அன்று காலை அண்ணனுக்கு ரொட்டி கொடுத்துவரச் சொல்லி அம்மா என்னைப் பரணுக்கு அனுப்பினார். அண்ணன் என் காதில் சொன்னான்: "கேட்டா நாலு பேருன்னு சொல்லச் சொல்லு அம்மாகிட்ட. நான் மூச்சு விடமாட்டேன்." நான் இறங்குவதற்குள் சிப்பாய்கள் வாசலில் நின்றார்கள். அம்மா தானாகவே நாலு என்றார். அம்மாவிடமும் அண்ணன் சொல்லியிருக்கிறான் போல என்று நான் நினைத்துக்கொண்டேன். ஏழு வயசு — வேறென்ன நினைப்பேன்?

ஆனால் அம்மாவுக்கு அது தெரியாது என்று பதினேழில் தெரிந்துவிட்டதே. அன்றே சொல்லியிருக்க வேண்டியதுதானே? இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று பயந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி... முப்பத்தொரு வருஷம். சே.

பிப்ரவரி 15, சனி

காலையில் அம்மா, "ஆறாவதைப் படிக்கலையே நீ" என்றார். ஒவ்வொரு நாளும் அத்தியாயத்தின் எண்ணைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன். மறந்துவிட்டேன், மடச்சி.

படித்தேன். கடைசி வரி வரை நிறுத்தாமல் படித்தேன். முடிந்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் சொன்னது, நான் இறங்கி வந்தது, பதினேழு வயதில் கதவுக்குப் பின்னால் நின்றது. அம்மா அழவில்லை. அவன் சொன்னதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு முறை. சொன்னேன். பிறகு எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அம்மா தட்டை அறைக்கே எடுத்துப்போய்ச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

தம்பியை வரச்சொல்லி அம்மாவே ஃபோன் செய்திருக்கிறார். நான் பள்ளியிலிருந்து வந்தபோது பெட்டி கட்டி வாசலில் இருந்தது. தம்பி ஒன்றும் புரியாமல் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். காரில் ஏறும் முன் அம்மா என்னிடம் திரும்பினார். "தினம் என்கூட உட்கார்ந்து சாப்பிட்டே. ஒரு நாள், ஒரே ஒரு நாள் உனக்கு வாய் வரலையா?"

வரவில்லை அம்மா. என்ன சொல்ல? உன் நெஞ்சில் இருந்த கல்லை இறக்கிவைக்க என்னிடம் ஒரு வரி இருந்தது. என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அதைப் பூட்டிவைத்திருந்தேன். மன்னித்துவிடு என்று கேட்கக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி 21, வெள்ளி

இந்தப் புத்தகத்துக்குக் கடைசிக் கூட்டம். கதையில் அண்ணன் கிடைத்துவிடுகிறான், ரயில் நிலையத்தில் எல்லோரும் கட்டிக்கொள்கிறார்கள். பிள்ளைகள் கை தட்டினார்கள். வக்கீல் மட்டும் போன வாரக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பையன் அப்படி நினைத்திருக்க மாட்டான், அவனே அதைத்தான் விரும்பியிருப்பான் என்றேன். எப்படித் தெரியும் என்றாள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் அப்படித்தான் என்றேன்.

வீட்டுக்கு வந்து பழக்கத்தில் இரண்டு தட்டு எடுத்துவைத்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

தம்பி ஃபோன் செய்தான். அம்மா அண்ணனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாராம். அவன் மூன்று வயதில் பார்த்த அண்ணன், முகம்கூட நினைவில்லை. அண்ணன் சைக்கிள் பழகி வேலியில் விழுந்தது, அப்பாவைப் போலவே இருமிக் காட்டி உதை வாங்கியது எல்லாம் இப்போதுதான் தெரியுமாம். "சிரிக்கிறாங்க அக்கா. அம்மா இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை." நான் பார்த்திருக்கிறேன். நாற்பத்தொரு வருடத்துக்கு முன்னால்.

ஃபோனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். தம்பி கூப்பிட்டுப் பார்த்தான். பிறகு தம்பி, "வரமாட்டேங்கிறாங்க. ஒண்ணு மட்டும் கேக்கச் சொல்றாங்க. அன்னிக்கு அந்த ரொட்டிய அண்ணன் சாப்பிட்டானா?"

சாப்பிட்டான் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். இனி எதையும் ஒளிக்க எனக்குத் தெம்பில்லை. "பாதிதான் சாப்பிட்டான். மீதிய எனக்குக் கொடுத்தான். நான் அங்கேயே தின்னுட்டேன்."

தம்பி அதை அப்படியே சொல்வது கேட்டது. பிறகு நாற்காலி நகரும் சத்தம். ஃபோன் கை மாறியது.

"உனக்கு அவ்வளவு பசியா இருந்துச்சா?" என்றார் அம்மா.

ஆமாம்மா என்றேன்.